முகாம் என்ற சொல்லை மீட்போம்

கதிரவெளியில் ‘முகாம்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. குண்டுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி ஓடியவர்கள் ஒதுங்கிய அகதி முகாம் ஒன்று. வீதியோரத்தில் முட்கம்பி சூழ நின்ற இராணுவ முகாம் இரண்டு. ஆயுத இயக்கங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுசென்று அடைத்த பயிற்சி முகாம் மூன்று. இம்மூன்று பொருளையும் அகராதி பார்த்து அவ்வூரார் அறிந்துகொள்ளவில்லை, உடம்பால் அறிந்தனர். அச்சொல்லுக்கு நான்காவது பொருள் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் தம் ஆசிரியரோடு வீட்டைவிட்டு வேற்றூர் சென்று, சில பகலும் சில இரவும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்டு, உலகத்தைக் கற்கும் இடம் என்பதே அது. உலகின் பல நாடுகளில் ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் வாய்த்த அந்தப் பொருள், வாகரைப் பிரதேசத்தின் கடலோரக் கிராமங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை வாரியடித்தது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் படுத்தனர். இரண்டாண்டுகூடக் கழியவில்லை, மூதூர்க் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலுமிருந்து போரால் துரத்தப்பட்ட மக்கள் வெருகலாற்றைக் கடந்து வந்து கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்தனர். 2006 நவம்பர் 8இல் அரச படையினரின் எறிகணைகள் அந்தத் தஞ்சத்தின் மீதே விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் குழந்தைகளும் இருந்தனர். எழுத்தைப் படித்த இடத்திலேயே மரணத்தையும் படித்த தலைமுறை அது.

ஆகவே, கதிரவெளிப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே தங்கியதே இல்லை என்று சொல்வது பிழை. அவர்களுடைய தாய் தந்தையர் பாடசாலை விறாந்தைகளில் மாதக்கணக்கில் தங்கியவர்கள். வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தவர்கள். பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்றவர்கள். பாடசாலை என்பது தங்குமிடமாகவும் ஆகலாம் என்ற உண்மையை இந்நாட்டில் எந்தக் கல்வி அதிகாரியும் அவர்களுக்குப் போதிக்க வேண்டியதில்லை. துயரத்துக்காகத் திறந்த அந்தக் கதவைக் கல்விக்காகத் திறக்க முடியாதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

‘கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் நடக்கிறதே, இதில் என்ன புதுமை?’ என்று அதிபர்களிற் சிலர் வினவக்கூடும். நடக்கிறது; நாமும் நடத்தியிருக்கிறோம். எப்படி நடக்கிறது என்பதை மறைக்காமற் சொல்வோம். நள்ளிரவில் வாடகைப் பேருந்து புறப்படும். ஒலிபெருக்கி அலறும். விடியுமுன் தம்புள்ளை, வெயிலேறச் சிகிரியா, பிற்பகல் கண்டி, பேராதனைப் பூங்காவில் முக்கால் மணி நேரம், இருளில் நுவரெலியா. மறுநாள் தெகிவளை மிருகக்காட்சிச் சாலை, காலிமுகத்திடல், பின்னர் மீண்டும் இரவுப் பயணம். பிள்ளை எதையும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கடந்து போகிறது. சிகிரியா ஓவியத்தின் முன் நின்ற நேரத்தைவிடக் கழிப்பறை வரிசையில் நின்ற நேரம் அதிகம். ஊர் திரும்பியதும் அதன் நினைவில் எஞ்சுவது வாந்தியும், வாங்கி வந்த விளையாட்டுப் பொருளும், பாட்டுமே.

இந்த ஓட்டத்துக்குக் கல்வி என்று பெயரிட்டதே ஒரு பிழை. அப்பெயரால் ஏழைப் பிள்ளையை வெளியே நிறுத்தியது இன்னொரு பிழை. முன்பொரு முறை நாம் நடத்திய சுற்றுலாவுக்கு வகுப்பில் எட்டுப் பேர் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டபோது ஒரு சிறுவன் எழுந்து, “எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது சேர்” என்றான். மற்றவர்களும் அதையே ஒப்புவித்தனர். எட்டுப் பேருக்கும் ஒரே நோய்! பணமில்லை என்று சொல்வதிலும் நோயாளி என்று சொல்வது கௌரவமானது என்பதைப் பன்னிரண்டு வயதில் அவர்கள் கற்றிருந்தனர். அடுத்த வாரம் தமிழ்ப் பாடத்தில் நாமே கரும்பலகையில் தலைப்பு எழுதினோம்: ‘நான் சென்ற சுற்றுலா’. அந்த எண்மரும் தலை குனிந்து எழுதினர். செல்லாத சுற்றுலாவைச் சென்றதாக எழுதினர். சிகிரியாவில் காற்று வீசியது என்றும், மிருகக்காட்சிச் சாலையில் யானை ஆடியது என்றும், நண்பரிடம் கேட்டறிந்ததைக் கோவையாக எழுதினர். நாமும் சிவப்பு மையால் சந்திப் பிழை திருத்திப் புள்ளி இட்டோம். பொய் சொல்லலாகாது என்று ஆத்திசூடி வயதில் கற்பித்த நாமே, பொய் எழுதினாலன்றிப் புள்ளி இல்லை என்று அன்று கற்பித்தோம். இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை.

இவ்வோட்டம் ஆபத்தானதும்கூட. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவில், சுற்றுலா சென்ற பாடசாலை மாணவர்களின் பேருந்தொன்று வேறு வாகனங்களோடு மோதியது. ஏழு உயிர்கள் போயின. மாணவர் பலர் காயமுற்றனர். இத்தகைய துயரம் நிகழும்போதெல்லாம் ‘சுற்றுலாவையே நிறுத்துங்கள்’ என்ற குரல் எழுகிறது. கிணற்றில் குழந்தை விழுந்தால் தண்ணீரையே தடை செய்யும் அறிவு இது. ஆபத்து எங்கிருந்து வருகிறது? இரண்டு நாளில் ஒரு நாட்டையே சுற்றிக் காட்டும் பேராசையிலிருந்தும், உறக்கமற்ற சாரதியிலிருந்தும், இரவு வீதியிலிருந்துமே வருகிறது. ஓரிடத்துக்குப் பகலில் சென்று, அங்கேயே நான்கு நாள் தங்கி, பகலில் திரும்பினால் வீதியில் கழியும் நேரம் சுருங்கும். கற்கும் நேரம் பெருகும்.

தங்குவதால் என்ன கிடைக்கும்? முதலாவது, நேரம் கிடைக்கும். வகுப்பறையில் நாற்பது நிமிடத்துக்கொரு முறை மணி அடிக்கிறது. கடலின் ஏற்றவற்றத்துக்கு மணி அடிப்பதில்லை. அதை அறியக் காலையிலும் மாலையிலும் ஒரே கல்லின் அருகில் நின்று பார்க்க வேண்டும். மறுநாளும் பார்க்க வேண்டும். இரண்டாவது, இரவு கிடைக்கும். விண்மீன்களைப் பற்றி நாம் பகற்பொழுதில் பாடம் நடத்துகிறோம் என்பதே நம் கல்வி முறையின் இலட்சணத்தைக் காட்டப் போதுமானது. மூன்றாவது, வேலை கிடைக்கும். அரிசி கழுவுதல், விறகு பிளத்தல், பாத்திரம் துலக்குதல் ஆகிய வேலைகளை முறை வைத்துச் செய்யும்போது, கணக்கில் பின்தங்கிய மாணவன் அடுப்பு மூட்டுவதில் முதல்வனாகிறான். கடைசி வாங்கில் இருந்தவனை வகுப்பு முதன்முறையாக நிமிர்ந்து பார்க்கிறது. அவனும் தன்னை அப்படிப் பார்க்கத் தொடங்குகிறான். நான்காவது, ஆசிரியர் கிடைப்பார். பிரம்பும் புள்ளிப் புத்தகமும் இல்லாத ஆசிரியர், பாயில் அமர்ந்து கதை சொல்லும் ஆசிரியர், மாணவரோடு மழையில் நனைந்த ஆசிரியர்.

இவற்றை நாம் கற்பனையில் கட்டவில்லை. இங்கிலாந்தில் 2009 முதல் 2015 வரை, போல் ஹாம்லின் அறக்கட்டளையின் ஆதரவுடன் ஏறத்தாழ 60 பாடசாலைகளில் தங்கிக் கற்கும் திட்டமொன்று நடத்தப்பட்டு ஆராயப்பட்டது. மாணவரின் தன்னம்பிக்கை, ஆசிரியரோடு அவர்களுக்குள்ள உறவு, திரும்பி வந்தபின் பாடத்தில் அவர்கள் காட்டும் ஊக்கம் ஆகியவை உயர்ந்தன என்பதே அதன் முடிவு. அங்கே சிறந்து விளங்கியவை ஆடம்பர விடுதிகளில் நடந்தவை என்று எவரும் எண்ண வேண்டாம். ஆசிரியரே திட்டமிட்டு, பாடத்தோடு பொருத்தி, கூடாரம் போன்ற மலிவான இடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்துவதையே அத்திட்டம் வற்புறுத்தியது. அந்நாட்டின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே, உள்ளூர்க் கல்வி அதிகார சபைகள் மாணவருக்கான முகாம்களை அமைக்கலாம் என்று இடமளித்தது. பிரான்சிலும் இதே கதைதான். 1953இல் பாரிஸ் நகரை அடுத்த வான்வ் என்ற ஊரின் பாடசாலை, ஒரு வகுப்பு முழுவதையும் ஆசிரியரோடு பனிமலைக்கு அனுப்பியது. காலையில் பாடம், பிற்பகலில் மலை. அங்கிருந்தே ‘பனி வகுப்பு’ என்ற வழக்கம் அந்நாடெங்கும் பரவிற்று.

ஆயினும், நம் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி 1909இல் ஜெர்மனியில் நடந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பாடசாலை ஆசிரியர் தம் மாணவரோடு பல நாள் நடைப்பயணம் சென்றார். ஓகஸ்ட் மாதத்து ஓரிரவு கடும் புயல் மூண்டது. தங்க இடமில்லை. ஒரு சிற்றூரின் பாடசாலை அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேசைகளை ஒதுக்கி, வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஷிர்மான் உறங்கவில்லை. விடுமுறைக் காலத்தில் ஊர்தோறும் வெறுமையாகப் பூட்டிக் கிடக்கும் பாடசாலைகள் அனைத்தையும் பயணம் செய்யும் மாணவர்க்கு உறைவிடமாக்கினால் என்ன என்று அவ்விரவு அவர் சிந்தித்தார். உலகமெங்கும் இன்று காணப்படும் இளைஞர் விடுதிகளின் வித்து அந்த வைக்கோற் படுக்கையில்தான் விழுந்தது.

புயலுக்கு ஒதுங்கிய பாடசாலை! கதிரவெளி இதனை அறியும். மேசைகளை ஒதுக்கிப் படுத்த இரவுகளையும் அறியும். அங்கே ஓர் ஆசிரியரின் உறக்கமற்ற இரவிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. நம் உறக்கமற்ற இரவுகளிலிருந்து எது பிறந்தது? நிவாரண அட்டையும் நினைவுநாளும் மட்டுந்தானா?

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு பரீட்சையின் பெயரால் வருகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற மூன்று வாயில்களையும் நோக்கிப் பிள்ளைகளை ஓட்டிச் செல்வதே நம் தொழிலாகிவிட்டது. பாடசாலை விட்டால் தனியார் வகுப்பு. விடுமுறை வந்தால் விசேட வகுப்பு. நான்கு நாளைத் தங்கற் பயணத்துக்கு ஒதுக்கினால் பெறுபேறு சரியும் என்று கூக்குரலிடுகின்றனர். இவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். புவியியல் வினாத்தாளில் ‘கழிமுகம்’ என்பதற்கு வரைவிலக்கணம் எழுதி முழுப்புள்ளி பெறும் பிள்ளை, தன் ஊருக்குச் சில கிலோமீற்றர் வடக்கே வெருகலாறு கடலோடு கலக்கும் இடத்தில் நின்று அதை இனங்காணாவிட்டால், அந்தப் புள்ளி யாருக்கு வேண்டும்? மனப்பாடம் செய்தவனை மேலே ஏற்றி, கேள்வி கேட்டவனைக் கீழே தள்ளும் முறைக்கு நாம் காவலர்களாக இருக்க வேண்டுமா?

இரண்டாவது மறுப்பு நயமானது. ஆகவே அதிக நஞ்சுடையது. ‘கதிரவெளிப் பிள்ளைகளுக்கு எதற்குப் பயணம்? கடலும் காடும் களப்பும் அவர்கள் காலடியில் இருக்கின்றனவே. பயணம் நகரத்துப் பிள்ளைக்குத்தான் தேவை’ என்கின்றனர். ஏழை எளிமையாக வாழ்வதால் அவனுக்கு எதுவும் தேவையில்லை என்று பணம் படைத்தவன் காலந்தோறும் சொல்லி வந்த வேதாந்தமே இது. கடலின் அருகில் பிறந்தவனுக்கு மலை வேண்டாமா? மட்டக்களப்பு நகரமே அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கையில், அங்குள்ள நூலகமும் கல்லடிப் பாலமும் கோட்டையும் அவனுக்கு உரியவை அல்லவா? தன்னூரை விட்டு ஒருமுறை வெளியே நின்று பார்த்தவனே தன்னூரையும் பார்க்கிறான். ஒப்பிட இன்னொன்று இல்லாதவனுக்குத் தன் வறுமை இயற்கையின் நியதியாகத் தோன்றும். அவ்வாறே தோன்றட்டும் என்று விரும்புவோரும் இந்நாட்டில் உளர்.

நாம் முன்வைக்கும் திட்டத்தை ஓர் ஆறே நமக்கு வரைந்து தந்திருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, மலையகத்தில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அதன் கிளைகளுள் ஒன்றே வெருகலாறு. தலவாக்கலையில் தேயிலை மலைகளினூடே ஓடும் கொத்மலை ஓயா மகாவலியின் துணையாறு. ஆகவே, தலவாக்கலைத் தோட்டத்துப் பிள்ளையின் லயத்து முற்றத்தில் விழுந்த மழைத்துளி கதிரவெளிக்கு அருகே கடல் காணக்கூடும். தலைப்பக்கத்திலிருந்து ஒரு வகுப்பு, கடைப்பக்கத்திலிருந்து ஒரு வகுப்பு. ஒரு விடுமுறையில் கதிரவெளியார் மலைக்குச் செல்லட்டும். தோட்டப் பாடசாலை அவர்களுக்கு இடமளிக்கட்டும். மறு விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் கடலுக்கு வரட்டும்; கதிரவெளிப் பாடசாலை கதவு திறக்கட்டும்.

மலைக்குச் சென்ற பிள்ளை என்ன கற்கும்? தேயிலை என்பது கடையில் பொதியாகப் பிறப்பதன்று என்று கற்கும். கொழுந்து நிறுக்கப்படும் இடத்தில் நின்று தராசைப் பார்க்கும். நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்கும். 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிரின் வரலாற்றையும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தொழிலாளரின் வரலாற்றையும், அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து கேட்கும். 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை, விக்டோரியா அணைகளைக் கண்டு, தன்னூருக்கு வரும் மின்சாரத்துக்கும் தன்னூருக்கு வராத நீருக்கும் உள்ள கணக்கை விசாரிக்கும்.

கடலுக்கு வந்த பிள்ளை என்ன கற்கும்? கரைவலை இழுக்கையில் கயிறு கையை எப்படி அறுக்கிறது என்பதைக் கற்கும். பிடிபட்ட மீனில் வலை உடையவனுக்கு எத்தனை பங்கு, இழுத்தவனுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடும். தன் தாயின் கொழுந்துக் கணக்கோடு அதை ஒப்பிடும். கண்டற்காட்டில் இறால் குஞ்சு வளர்வதையும், அக்காட்டை வெட்டினால் களப்பு எவ்வாறு மலடாகும் என்பதையும் காணும். கதிரவெளியில் தொல்லியலாளர் பதிவு செய்துள்ள பெருங்கற்கால ஈமச் சின்னங்களின் அருகில் நின்று, வரலாறு அநுராதபுரத்தில் மட்டும் நிகழவில்லை என்று அறியும். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதிய கிழக்குக் கரை வேடரின் வழித்தோன்றல்கள் இன்று தமிழ் பேசித் தன்னருகே அதே பாயில் அமர்ந்திருப்பதைக் காணும். கரையோரத்து இல்மனைட் மணலை அகழ்வதை இவ்வூர் மக்கள் ஏன் எதிர்த்தனர் என்று மணலைக் கையில் அள்ளிக் கேட்கும். வெருகற் கோவிலின் முன்றிலில் அமர்ந்து, ஆறும் கடலும் கலக்கும் ஓசையில் 2004ஐயும் 2006ஐயும் பற்றிப் பெரியவர் சொல்வதைக் கேட்கும். இவற்றுள் எது பாடத்திட்டத்துக்குப் புறம்பானது? புவியியல், வரலாறு, கணிதம், விஞ்ஞானம், தமிழ் ஆகிய ஐந்தும் இதில் அடங்கவில்லையா?

இன்னொன்றையும் தங்கற் பயணம் சாதிக்கும். அதுவே நமக்கு எல்லாவற்றிலும் பெரிது. 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவரோடு சமமாக வாங்கில் அமரலாம் என்று ஆனபோது, அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். அத்தீயைக் கடந்து சம ஆசனம் வென்றது. ஆனால், வாங்கில் வென்றதைப் பானையிலும் பாயிலும் நாம் வென்றுவிட்டோமா? அருகருகே அமர்ந்து படிக்கும் பிள்ளைகள் அருகருகே உண்பதில்லை. ஒருவர் வீட்டில் மற்றவர் உறங்கியதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வேலிக்கு வேலி அடுத்திருக்கின்றன. பிள்ளைகளோ வெவ்வேறு பாடசாலைகளில் வளர்கின்றனர். சிங்களப் பிள்ளைகளை அவர்கள் சந்திப்பதற்கு மொழியும் தடை, பாடசாலையும் தடை. பன்னிரண்டு ஆண்டு ஒருவரை ஒருவர் காணாமல் வளர்த்துவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் ‘நல்லிணக்கம்’ பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஒரே பானைச் சோற்றை நான்கு நாள் உண்டவர்களுக்கு அப்பேச்சுப் போட்டி வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு அச்சத்தின் பெயரால் வருகிறது. பெண்பிள்ளையை இரவு வெளியே தங்க விடலாமா என்று தாய்மார் கேட்கின்றனர். இதனைப் பிற்போக்கு என்று ஏளனம் செய்யோம். பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் அந்த அச்சம் அனுபவத்தின் பேறு. அத்தாய்மாருக்கு நம் விடை இது: நீங்களும் வாருங்கள். ஆசிரியைகள் உடன் வருவர். உங்களுள் நால்வர் சமையலுக்கும் காவலுக்கும் கூலி பெற்றுக்கொண்டு வருவீர்கள். சேருமிடத்திலும் அவ்வூர்த் தாய்மார் பொறுப்பேற்பர். மாணவியர்க்குத் தனிக் கட்டடம், தனிக் குளியலறை, நாளுக்கு இருமுறை பெயரழைப்பு. இவ்வளவையும் எழுத்தில் உறுதி செய்தபின்பே புறப்படுவோம். தம்பியை மட்டும் அனுப்பி அக்காவை வீட்டில் நிறுத்தும் பயணத்துக்கு நாம் உடன்பட மாட்டோம்.

நான்காவது மறுப்பு நம் நண்பர்களிடமிருந்தே வரும். ‘முகாம் என்றால் சீருடை, அணிவகுப்பு, கட்டளை. பிள்ளைகளை ஆட்டு மந்தையாக்க ஆள்வோர் கண்டுபிடித்த கருவி அது’ என்பர். இதில் உண்மை உண்டு. ஷிர்மானின் இளைஞர் விடுதிகளை 1933இல் நாஜிகள் கைப்பற்றித் தம் இளைஞர் படைக்கு உரியனவாக்கினர். 1925இல் கிரிமியாவில் தொடங்கிய சோவியத் நாட்டின் ஆர்த்தெக் முகாம் எத்தனையோ தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டியது. பின்னாளில் அங்கே இடம் பெறுவது சிறந்தோர்க்குரிய பரிசாகவும் ஆயிற்று. நம் மண்ணில் ‘பயிற்சி’ என்ற பெயரில் சிறுவர் கைகளில் எவை கொடுக்கப்பட்டன என்பதை நாம் மறக்கவில்லை. எனவேதான் மூன்று விதிகளை வலியுறுத்துகிறோம். அணிவகுப்பு இல்லை. பரிசாகவோ தண்டனையாகவோ எவரையும் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. வகுப்பு முழுவதும் செல்லும். அன்றாட வேலைகளை மாணவரே கூடிப் பேசி முடிவு செய்வர். கத்தி தீயவன் கையில் இருந்தது என்பதற்காகக் காய்கறி நறுக்குவதை விட்டுவிடுகிறோமா?

எஞ்சுவது பணம். 2022இன் நெருக்கடியில் எரிபொருளின்றிப் பாடசாலைகளே மூடப்பட்டதை நாம் அறிவோம். திறைசேரியின் நிலையும் தெரியும். எனினும் கேட்கிறோம்: விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக்கு வாடகை என்ன? அரிசிக்கும் பருப்புக்கும் நுவரெலியா விடுதிக் கட்டணமா? ஒரு நாளில் ஏழு இடங்களுக்கு ஓடும் பேருந்தைவிட, ஓரிடத்தில் இறக்கிவிட்டு நான்கு நாள் கழித்து ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு எரிபொருள் அதிகமா? வெருகலில் துறையில் தோணிக்குக் காத்திருந்த காலம் போய்ப் பாலம் வந்துவிட்டது. 2009இல் கிண்ணியாவிலும் பாலம் திறக்கப்பட்டது. பாதை உண்டு, கட்டடம் உண்டு, பிள்ளைகள் உண்டு. இல்லாதது ஒன்றே: இது அவர்களின் உரிமை என்ற எண்ணம்.

உரிமை என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே கூறுகிறோம். 1945 ஒக்டோபர் முதலாம் நாள் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கரா அதற்காகப் போராடியபோதும், ‘எல்லாருக்கும் கல்வி என்றால் தென்னை ஏற ஆள் ஏது?’ என்ற பாணியில் கனவான்கள் முணுமுணுத்தனர். அவர் கட்டணத்தை நீக்கியதோடு நிற்கவில்லை. கிராமங்களில் மத்திய பாடசாலைகளை எழுப்பி, ஏழைப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்றுத் தங்கிப் படிக்க விடுதிகளையும் சேர்த்தார். வீட்டு விளக்கின் கீழ் படிக்க இயலாதவனுக்கு இரவுக்கும் பொறுப்பு ஏற்பது அரசின் கடமை என்பதை அவ்விடுதிகள் ஒப்புக்கொண்டன. இலவசப் பாடநூல் வந்தது; சீருடை வந்தது; மதிய உணவும் வந்தது. நூலும் உடையும் உணவும் கல்வியின் உறுப்புகள் என்றால், நாட்டை நேரிற் காண்பது மட்டும் பணமுள்ளவனின் பொழுதுபோக்காக எப்படி ஆகும்?

ஆகவே, நம் கோரிக்கை தெளிவானது. பத்தாம் தரத்தை அடையுமுன், இந்நாட்டின் ஒவ்வோர் அரசாங்கப் பாடசாலை மாணவரும் இருமுறையேனும், ஒவ்வொரு முறையும் நான்கு நாளேனும், கட்டணமின்றி வேற்றூர்ப் பாடசாலையில் தங்கிக் கற்க வேண்டும். ஒவ்வொரு கல்வி வலயமும் தொலைவிலுள்ள இன்னொரு வலயத்தோடு இணைக்கப்பட வேண்டும். உடன் செல்லும் ஆசிரியரின் நாட்கள் கடமை நாட்களாகக் கணக்கிடப்பட வேண்டும். தொடக்கம் கொழும்பிலிருந்து வேண்டாம். கல்குடா வலயத்தின் வாகரைக் கோட்டத்திலிருந்து வரட்டும். எங்கே இழப்பு அதிகமோ அங்கே முதற் பந்தி.

அமைச்சு சுற்றறிக்கை அனுப்பும்வரை காத்திருப்போம் என்று ஆசிரிய நண்பர்கள் கைகட்டி இருக்க வேண்டாம். இரண்டு பாடசாலைகளின் ஆசிரியர்கள் கடிதம் எழுதிக்கொண்டால் போதும். உரிய அனுமதியைப் பெற்று ஒரு வகுப்பை அழைத்துச் செல்லலாம். ஒரு வகுப்பு சென்று திரும்பினால், மறு ஆண்டு பெற்றாரே கேட்பர். மாணவ நண்பர்களே, பல்கலைக்கழக விடுமுறைகளில் நீங்களும் வாருங்கள். பாய் சுமக்கவும், மலையின் கதையையும் மணலின் கதையையும் சொல்லவும் ஆட்கள் தேவை.

ஒரு மாலை கதிரவெளிப் பாடசாலையில் மீண்டும் பாய் விரிக்கப்படும். மீண்டும் வாங்குகள் சுவரோரம் ஒதுக்கப்படும்; மீண்டும் கிடாரத்தில் சோறு வேகும். பழைய நினைவில் மூதாட்டி ஒருத்தி வேலியருகே வந்து நின்று, “ஆர் புள்ளயள் இது? எங்க இருந்து ஓடி வந்தது?” என்று கேட்கக்கூடும். “ஓடி வரல்ல அம்மம்மா. மலையில இருந்து கடல் பாக்க வந்தம்” என்று ஒரு சிறுமி மறுமொழி சொல்ல வேண்டும். அந்த மறுமொழி ஒலிக்கும் நாளில்தான் அவ்வூரில் முகாம் என்ற சொல்லுக்கு நான்காவது பொருள் பிறக்கும். அடுத்த வாரம் வகுப்பில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று தலைப்பு எழுதப்பட்டால், எந்தப் பிள்ளையும் தலைகுனிந்து பொய் எழுதாது.